மிளகாய்க் கை

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால், "கையுறை போட்டிருக்கலாமே" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். போட்டிருக்கலாம்தான். எங்கள் மலையில் அப்போது கையுறை வைத்திருந்தவர் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆள் ஒருவர் மட்டும். அவரிடமும் ஒரு கைக்குத்தான் இருந்தது. நமக்கெல்லாம் எதையும் இப்படிச் செய் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? தொடாதே, போகாதே, கிட்டே வராதே என்று விரட்டுவார்கள், அவ்வளவுதான். ஏன் தொடக்கூடாது என்று கேட்டால் ஒரு அறை விழும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்கு ஒன்பது வயது. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற பாதையில் எங்கள் வீடு. அதில் அப்பா, அம்மா, நான், எட்டு மாதத் தம்பி. அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சித்தியும் பக்கத்து அறையில். அப்பாவின் அக்கா, கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த அத்தை, எல்லோருக்கும் மேலே. வீட்டில் அடுப்பு மூட்டுவதிலிருந்து ஆட்டை அவிழ்ப்பது வரை அத்தை சொன்னதுதான் நடக்கும்.

காப்பிச் செடிகளுக்கு வெளியே வேலியோரமாக ஊசி மிளகாய் போட்டிருந்தோம். நகத்தளவுதான் இருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சேலத்திலிருந்து மேலே வந்து ஓட்டல் வைத்திருந்தவர் ஒருவர் ஒருமுறை வீம்புக்கு ஒன்றைக் கடித்துவிட்டு, எங்கள் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கக் குடிக்க அவருக்கு எரிச்சல் கூடியது. அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

கோடையில் விதை எடுப்பார்கள். பாத்தியின் நடுவில் நிற்கிற நல்ல செடியாகப் பார்த்து, பழத்தைப் பறிக்காமல் செடியிலேயே சுருங்கவிட்டு, பிறகு பறித்து மூன்று நாள் நிழலில் போட்டு வைப்பார்கள். விதை எடுக்கிறவள் முதலில் முழங்கைவரை விளக்கெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். தலையைத் துணியால் கட்டி, வாசலில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். காம்பைப் பிடித்துக்கொண்டு, பழத்தைக் கீறி, மூங்கில் சிம்பால் விதையை முறத்தில் வழிக்க வேண்டும். நகம் படவே கூடாது. வாயால் ஊதக் கூடாது. வியர்வையைத் துடைக்கக் கூடாது. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டிருக்கட்டும். வேலை முடிந்ததும் நேராகத் தண்ணீரில் கை விட்டால் கெட்டது. தண்ணீர் காரத்தைக் கழுவாது, பரப்பிவிடும். மறுபடி எண்ணெய், சாம்பல், அப்புறம் சீயக்காய், கடைசியில் மோர்.

அதற்குப் பிறகும் மறுநாள் குளிக்கும்வரை அந்தக் கைக்கு 'மிளகாய்க் கை' என்று பெயர். மிளகாய்க் கையால் பிள்ளையைத் தொடக் கூடாது. அப்படி இருப்பவள் யாராவது எதிரே வந்தால் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, "மொளகாக் கை, மொளகாக் கை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வாள். சோறுகூட அடுத்தவர்தான் ஊட்டிவிட வேண்டும். அம்மா சித்திக்குக் களி உருட்டி வாயில் வைத்ததும், சித்தி வேண்டுமென்றே விரலைக் கடித்ததும், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தைய வருடம் நடந்தது அது.

எங்கள் வீட்டில் விதை எடுப்பது சித்தியின் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. "மடியில புள்ள இருக்கறவ மொளகாயத் தொடலாமா? அவளுக்கென்ன, சும்மாதான இருக்கறா" என்பாள் அத்தை. சித்தியின் காதில் விழும்படிதான் சொல்வாள். சித்திக்கு ஏதோ தனிப் பெருமை கொடுத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை ஒவ்வொரு வருடமும் அவளுக்கு என்ன சொல்லிக்காட்டியது என்று எனக்குப் பிள்ளை பிறக்கத் தாமதமானபோதுதான் புரிந்தது.

அந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு என்னை அழைத்துப்போவதாகச் சித்தி சொல்லியிருந்தாள். கடையில் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தாள். அத்தை ஒரு முட்டுக்கட்டை போட்டாள்: "வெத எடுத்து முடிச்சுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க." நான் திருவிழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரலில் எண்ணுவதும், முறத்தில் கிடந்த மிளகாயைப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தேன்.

அன்று காலையில் தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். சித்தி அவனைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்து, "எஞ்சாமி எத்தன அழகு! நொம்ப அழகு! என்ன கண்ணுடா இது, ரெண்டும் நாவப்பழமாட்டம்!" என்று கொஞ்சினாள். அத்தை ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். சித்தி தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "தண்ணிக்குப் போயிட்டு வந்து மொளகாய்க்கு உக்கார்றனுங்க்கா" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கோடையில் ஊற்று சுண்டிப்போயிருக்கும். குடம் நிறைய நேரமாகும்.

நான் முறத்தின் முன்னால் உட்கார்ந்தேன். சித்தி வருவதற்குள் பாதியை முடித்துவிட்டால் அவள் அசந்துபோவாள், நாளைக்கே கிளம்பிவிடலாம் என்று கணக்கு. விளக்கெண்ணெய்ப் புட்டி பரணில் இருந்தது, எனக்கு எட்டவில்லை. எண்ணெயெல்லாம் பெரியவர்களின் பவிசு என்று நினைத்தேன். மூங்கில் சிம்பும் எங்கே என்று தெரியவில்லை. நகம் இருந்தது. நகத்தால் கிழித்து, நகத்தாலேயே வழித்தேன். இரண்டு தும்மல் வந்ததைத் தவிர ஒன்றுமே ஆகவில்லை. விரல் எரியவில்லை. என் கை உறுதியான கை என்று எனக்கு ஒரே கர்வம்.

மிளகாயின் குணமே அதுதான் என்று இப்போது தெரியும். விரல்தோலில் அது உடனே ஏறாது. பதுங்கியிருந்து, நாம் மறந்த பிறகு வேலையைக் காட்டும். ஒரு கைப்பிடிக்குமேல் முடித்திருப்பேன், உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, தம்பி முழிச்சுட்டான் பாரு. மூஞ்சியத் தொடச்சு மை வெச்சு உடு. நான் களி கிண்டறேன், கை வுட முடியாது."

தொட்டியில் கையை விட்டு இரண்டு தடவை கழுவினேன். முகர்ந்தும் பார்த்தேன். வாசனை இல்லை. பித்தளை மைச்சிமிழைத் திறந்தேன். மூடியில் ஒரு கிளி இருக்கும், அதற்கு மூக்கு உடைந்திருக்கும். யாருடைய கண்ணும் பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாது என்றுதானே மை வைப்பது. வலது மோதிர விரலில் எடுத்து, தம்பியின் இடது கண்ணில் இமைக்கு உள்ளே நன்றாக இழுத்துவிட்டேன்.

வலது கண்ணுக்குப் போவதற்குள் அவன் கத்தினான். அந்தக் கத்தலை எதனோடும் ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, மூச்சு நின்று நின்று திரும்பக் கத்தினான். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இத்தனை வருடமாக, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். செய்தது தெரியாமல்தான். மறைத்தது தெரிந்தேதான்.

அம்மா களியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஊற்றிலிருந்து வந்த சித்தி குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்து தம்பியை வாங்கித் தோளில் போட்டாள். அவன் இன்னும் அதிகமாகக் கத்தினான். பாவம், அவன் என்ன கண்டான். அத்தை எழுந்து வந்து தம்பியைச் சித்தியிடமிருந்து பிடுங்கினாள்.

"காத்தால என்ன சொன்ன நீ? கண்ணு நாவப்பழமாட்டம்னு சொன்னியில்ல?"

"நான் கொஞ்சறதுக்குச் சொன்னனுங்க..."

"சொன்ன கண்ணே போச்சு பாரு!"

அம்மா ஏதாவது சொல்வாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தையின் விறகுக்கட்டை அடிக்குப் பயந்தேன். அதைவிட, வளையல் போய்விடுமே என்கிற பயமும் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உண்மை இவ்வளவு அற்பமானதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை சுற்றிப் போட்டாள். உப்பும் மிளகாயும் எடுத்து, வாசல் மண் கொஞ்சம் சேர்த்து, தம்பியை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். எந்த மிளகாய் தெரியுமா? முறத்தில் கிடந்ததே, அதேதான், நான் நகத்தால் கிழித்துப்போட்ட தோல். நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம் என்று அர்த்தம். அது உங்களுக்கும் தெரிந்ததுதானே. நெடி வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, ஒரு கமறல் இருக்குதா? நான்தான் சொன்னனே" என்றாள் அத்தை. அவளுக்கே குரல் கம்மியிருந்தது. யாரும் இருமவில்லை. ஒரு வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் இருமலை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் புகையில் இருமியது தம்பி ஒருவன் மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் என் விரல்கள் எரிய ஆரம்பித்தன. தொட்டிக்குப் பின்னால் இருந்த ஈரமண்ணில் இரண்டு கையையும் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேட அன்று வீட்டில் யாருக்கும் பொழுதில்லை.

ஒரு நாளில் ஆறியிருக்க வேண்டியது அது. ஆறவில்லை. தம்பி கையை முறுக்கிக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தான். எட்டு மாதப் பிள்ளையின் நகம் எவ்வளவு கூர்மை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அம்மா தாய்ப்பால் விட்டாள். அத்தை ஏதோ இலையை இடித்துச் சாறு பிழிந்து, காலையும் மாலையும் அந்தக் கண்ணில் ஊற்றினாள். ஊற்றும்போது அவன் காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. கையில் எனக்குக் கொப்புளம் இருந்தது, அந்தக் கையால்தான் பிடித்தேன். அத்தை கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் ராத்தூக்கம் இல்லாமல் அவனை மடியில் வைத்திருந்தாள். நல்ல எண்ணத்திலேயேதான் அவன் கண்ணைக் கெடுத்தாள்.

திருவிழா வந்தது. மேளச்சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

எட்டாம் நாள் கருவிழியின்மேல் வெள்ளையாகப் படர்ந்த பிறகு அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுல என்னம்மா போட்டீங்க?"

"கண்ணு பட்டுருச்சுங்க சார்" என்றார் அப்பா.

"அது இருக்கட்டும். கண்ணுக்குள்ள என்ன பட்டுச்சு? எதுவுமே படாம இப்படி ஆகாது."

கேட்டார். நேராக, ஒரு மனிதர் கேட்டார். நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ரொம்ப நேரம் காத்திருந்தார். அப்புறம், கருவிழி புண்ணாகிவிட்டது, பூ விழுந்துவிட்டது, இந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தம்பியின் நல்ல கண்ணைப் பொத்திவிட்டு, மற்ற கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சித்தியைப் பத்து நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். அவள் ஊர் கரடியூர். ஜீப் வந்து நிற்கிற இடம்வரை நான் போனேன். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டாள். கிளம்பும்போது சித்தி ஒரு பழைய பவுடர் டப்பாவை நீட்டி, "வெத இதுல போட்டு வெச்சிருக்கறனுங்க்கா, சாம்பல் கலந்திருக்குது" என்றாள். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையை எடுத்துத் தம்பியின் முகத்தை மூடினாள். களி உருட்டி ஊட்டிய கைதான் அது. சித்தி டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, அன்றைக்கு மிளகாய் தொட்டவள் மாதிரி இரண்டு கையையும் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நொம்ப நாளு இல்ல கண்ணு, பத்தே நாளுதான். வளையலு அடுத்த வருசம் வாங்கிக்கலாம்" என்று ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னாள். என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஜீப்பில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். கிளம்பிப் போய்விட்டது.

அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. சித்தப்பா அழைத்துவரப் போகவில்லை. மறுவருடம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். டப்பாவிலிருந்த விதையை அத்தை குப்பைமேட்டில் கொட்டினாள். ஆடி மழைக்கு அவை முளைத்தன. நன்றாகக் காய்த்தன. யாரும் பறிக்கவில்லை, குருவிகள் தின்றன. அந்த டப்பாவும் கிளி மூடி போட்ட மைச்சிமிழும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

தம்பி வளர்ந்தான். பாதையைக் கடக்கும்போது கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பான். இப்போது ஏரிக்கரைப் பக்கம் பேரிக்காயும் கொய்யாவும் விற்கிறான். சுற்றுலா வருகிறவர்கள் யாராவது கண்ணைப் பற்றிக் கேட்டால், "சின்னதுல எங்க சித்தி கண்ணு பட்டுருச்சுங்க" என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டே நிறுப்பான். அவன் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை இதைக் கேட்டிருக்கிறேன். அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா, அம்மா, அத்தை மூவரும் அதை நம்பிக்கொண்டே செத்தார்கள்.

சித்தியிடம் மட்டும் சொன்னேன். தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. எனக்கு வெகுநாள் கழித்துப் பெண் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கரடியூர் போனேன். பனி இறங்கியிருந்தது. சித்தி அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிள்ளையைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். நகம், தொட்டித் தண்ணீர், மை, டாக்டர் கேட்டது, எல்லாம். அழுதேன். அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியுங் கண்ணு" என்றாள். "அன்னைக்கே மொறத்தப் பாத்தன். ஒரு கையளவு கொறஞ்சிருந்துச்சு. உன்ற கையும் செவந்து கெடந்துச்சு."

"அப்புறம் ஏஞ் சித்தி சொல்லல? சொல்லியிருந்தா உங்கள அனுப்பியிருக்கமாட்டாங்களே!"

"சொல்லி? உன்னையப் போட்டு அடிப்பாங்க. அது கெடக்குது." குனிந்து அடுப்பை ஊதிவிட்டாள். "மொளகா பட்டா எரியும். ஒரு நாளு எரியும், ஆறிப்போயிரும். எத்தன புள்ளைங்களுக்குப் பட்டிருக்குது, எதுக்குக் கண்ணு போச்சு? இவனுக்கு மட்டும் ஏம் போவோணும்?"

"அத்தை ஊத்தின சாறு சித்தி. அவன் கசக்கினது. எட்டு நாளு ஆசுபத்திரிக்குப் போகாம..."

"இல்ல கண்ணு." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு அவனத் தூக்கிப் புடிச்சனில்ல, அப்ப நெனச்சன். இது எம்புள்ளையா இருக்கக் கூடாதான்னு நெனச்சன். மனசு நெறைய நெனச்சன். அது எனக்குத் தெரியுமில்ல?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். படித்ததைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இருபது வருடம் அவள் தனியாக உட்கார்ந்து கட்டிவைத்த ஒன்றை ஒரு மதியத்தில் நான் எப்படிப் பிரிப்பது? நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது.

கடைசியில் பேச்சு ஓய்ந்து, பிள்ளையை அவளிடம் நீட்டினேன். "ஒருக்கா வாங்கிக்கங்க சித்தி. நீங்க தொட்டுப் பாக்கோணும்னுதான் தூக்கிட்டு வந்தன்."

அவள் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் தோளுக்குமேல் தூக்கினாள்.

"தொடக்கூடாது சாமி. மொளகாக் கை."

நான் சுற்றிலும் பார்த்தேன். மார்கழியில் யாரும் விதை எடுப்பதில்லை. அந்த அறையில் முறம் இல்லை, எண்ணெய்ப் புட்டி இல்லை, ஒற்றை மிளகாய்கூட இல்லை. தூக்கிய கைகளில் காப்பிப் பழத்தின் கறைதான் இருந்தது.